ஜிப்சம், செலினைட், பாரிஸ் சாந்து: ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை பெயர்?

கேள்வி இதுதான். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஒரு அம்மா கேட்கிறார்: ஜிப்சம், செலினைட், அலபாஸ்டர், பாரிஸ் சாந்து, அன்ஹைட்ரைட் எல்லாமே கால்சியம் சல்பேட் என்றால் அவற்றுக்குள் என்ன வேறுபாடு? "அரை மூலக்கூறு நீர்" என்று புத்தகத்தில் இருக்கிறதே, தண்ணீர் மூலக்கூறை எப்படிப் பாதியாக்க முடியும்? அப்புறம், கொலு பொம்மை வார்க்க வாங்கி வைத்திருந்த பி.ஓ.பி. (பாரிஸ் சாந்து) மூட்டை மழைக்காலத்தில் கட்டிதட்டிப் போய்விட்டது, அதை மறுபடி சுட்டால் வேலைக்கு ஆகுமா?

மூன்று கேள்விகளையும் பிணைப்பது தண்ணீர்தான். அதனால் ஒன்றாகவே பதில் சொல்கிறேன்.

இந்தப் பெயர்களில் இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒரு கூட்டம், கல்லுக்குள் எவ்வளவு தண்ணீர் பூட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து வந்த பெயர்கள். இன்னொரு கூட்டம், கல் பார்க்க எப்படி இருக்கிறது என்பதை வைத்து வந்த பெயர்கள். இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்து எழுதுவதால்தான் குழப்பம் வருகிறது. பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு வேதியியல் சொல்லித்தருகிறேன். இந்த ஒரு பிரிப்பைச் செய்து காட்டினால் போதும், பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டுவிடும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. இயற்கையில் கனிமமாகக் கிடைக்கும் கால்சியம் சல்பேட் மூன்று நிலைகளில் இருக்கிறது. கால்சியம் சல்பேட் ஒன்றுக்கு நீர் மூலக்கூறு இரண்டு என்றால் அது ஜிப்சம். இரண்டு கால்சியம் சல்பேட்டுக்கு ஒரு நீர் என்றால் அது அரை ஹைட்ரேட். கனிமவியலில் அதற்குப் பஸ்ஸனைட் என்று பெயர், கடையில் வாங்கும்போது பாரிஸ் சாந்து அல்லது பி.ஓ.பி. நீரே இல்லை என்றால் அது அன்ஹைட்ரைட். பெயரின் பொருளே 'நீரற்றது' என்பதுதான். 1804இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஆபிரகாம் காட்லோப் வெர்னர் இந்தப் பெயரை வைத்தார்.

அரை மூலக்கூறு புதிருக்கும் இதிலேயே விடை வந்துவிட்டது. தண்ணீரை யாரும் வெட்டவில்லை. இரண்டு பேர் வீட்டுக்கு நடுவில் ஒரு கிணறு இருந்தால் ஆளுக்கு அரைக் கிணறு என்று பத்திரத்தில் எழுதுவார்கள் அல்லவா? கிணறு முழுசாகத்தான் இருக்கும், பங்குதான் அரை. இங்கேயும் அப்படித்தான். வாய்பாட்டை ஒரு கால்சியம் சல்பேட்டுக்கு எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பதால்தான் அரை வருகிறது. இரண்டாகப் பெருக்கி எழுதினால் மாணவிக்குப் பயமே இருக்காது.

எடைக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஜிப்சத்தின் மூலக்கூறு எடை சுமார் 172. அதில் தண்ணீரின் பங்கு 36. அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 21 பங்கு தண்ணீர். உலர்ந்து, கெட்டியாக, கையில் கல்லாக இருக்கும் ஒன்றில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்! அரை ஹைட்ரேட்டில் அது 6 பங்காகக் குறைந்துவிடும். ஆக, 100 கிலோ தூய ஜிப்சத்தைச் சுட்டால் 84 கிலோ பாரிஸ் சாந்து கிடைக்கும், 16 கிலோ ஆவியாகப் போய்விடும். சூளையில் ஜிப்சப் பொடியைக் காய்ச்சும்போது அது கொதிப்பதுபோல் குமிழியிடும். பொடி உருகவில்லை, நீராவி அதைக் கிளப்பிக்கொண்டு வெளியே போகிறது, அவ்வளவுதான்.

சரி, இப்போது தோற்றத்தை வைத்து வந்த பெயர்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே ஜிப்சம்தான், எல்லாவற்றிலும் நீர் இரண்டுதான். செலினைட் என்றால் ஒளி ஊடுருவும் படிகமாக விளைந்த ஜிப்சம். கிரேக்க மொழியில் செலினே என்றால் நிலா, அந்த நிலவொளி போன்ற பளபளப்பால் வந்த பெயர். ஏடு பிரிப்பதுபோல் கத்தி முனையால் அதைத் தாள் தாளாகப் பிரிக்கலாம். இதற்கும் காரணம் தண்ணீர்தான். படிகத்துக்குள் கால்சியமும் சல்பேட்டும் ஓர் அடுக்காகவும், நீர் மூலக்கூறுகள் ஓர் அடுக்காகவும் மாறி மாறி நிற்கின்றன. நீர் அடுக்கின் பிடிப்பு தளர்வானது. அந்த இடத்தில்தான் கல் பிளக்கிறது. ரோமானியர்கள் இப்படிப் பிளந்த தாள்களைக் கண்ணாடிக்குப் பதிலாக ஜன்னலில் பதித்தார்கள். ஸ்பெயினில் செகோப்ரிகா என்ற ஊரைச் சுற்றி அதற்கென்றே சுரங்கங்கள் இருந்தன.

இழை இழையாக, பட்டுத்துணி மாதிரி மினுங்கினால் சாட்டின் ஸ்பார். ஆன்லைனில் 'செலினைட் விளக்கு', 'செலினைட் கோல்' என்று விற்பவை பெரும்பாலும் இந்தச் சாட்டின் ஸ்பார்தான், பெரிதும் மொராக்கோவிலிருந்து வருபவை. வீட்டில் வைத்திருந்தால் தண்ணீரில் கழுவாதீர்கள். ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் கரையும். உப்போடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை, ஆனால் மெருகு போக அது போதும். உலர்ந்த துணியால் துடைத்தால் சரி. வெயிலும் காற்றும் உள்ள பாலை மணலில், மணலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இதழ் இதழாக விளைந்தால் பாலைவன ரோஜா. மாவு போல நுண்மையான மணிகள் நெருங்கி, செதுக்குவதற்கு இதமாக இருந்தால் அலபாஸ்டர். இத்தாலியில் வோல்டெர்ரா ஊரில், ரோமானியர்களுக்கு முன் அங்கே வாழ்ந்த எட்ருஸ்கர் காலத்தில் இறந்தவர்களின் சாம்பலை வைக்க இந்தக் கல்லில் பேழை செதுக்கினார்கள். இன்றைக்கும் அங்கே அந்தத் தொழில் நடக்கிறது.

அலபாஸ்டரில் ஒரு வில்லங்கம் உண்டு. எகிப்திய அலபாஸ்டர் என்று அருங்காட்சியகங்களில் எழுதியிருப்பது ஜிப்சமே இல்லை, கால்சைட். அதாவது கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லின் உறவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். பிரித்தறிய எளிய வழி, நகத்தால் கீறிப் பார்ப்பது. கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவையில் ஜிப்சம் 2, நம் நகம் இரண்டரைக்குப் பக்கம், கால்சைட் 3. ஜிப்சத்தில் நகம் கோடு போடும், கால்சைட்டில் போடாது. இன்னொரு வழி எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர். கால்சைட் பொடியில் நுரை வரும், ஜிப்சத்தில் வராது.

இதே சோதனையை வகுப்பறைச் சாக்பீஸில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். சாக் என்ற சொல் கார்பனேட் பாறையைக் குறிப்பது. ஆனால் நம் ஊரில் குடிசைத் தொழிலாக அச்சில் வார்க்கும் சாக்பீஸ் பாரிஸ் சாந்தில் செய்வது. அது இறுகி ஜிப்சமாகிவிட்டது. வினிகர் விட்டால் நுரைக்காது. சில தொழிற்சாலைச் சாக்பீஸ்கள் கார்பனேட்டில் செய்பவை, அவை நுரைக்கும். பெயரை மட்டும் பார்த்துப் பொருளை முடிவுசெய்யக் கூடாது என்பதற்கு இதைவிடக் கைக்கு எட்டும் பாடம் வேறு இல்லை.

நம் மருத்துவ மரபிலும் இதற்குப் பெயர் உண்டு. சித்த மருத்துவத்தில் கற்பூர சிலாசத்து என்பது ஜிப்சம்தான். கற்பூரம் போல் வெளுத்து மினுங்குவதால் அந்த அடைமொழி. கோமூத்திர சிலாசத்து என்பது முற்றிலும் வேறு, அது மலைப்பாறையில் கசியும் கரிய பிசின் போன்ற பொருள். வெறுமனே 'சிலாசத்து' என்று சொன்னால் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயுர்வேதத்தில் ஜிப்சத்துக்குக் கோதந்தி என்று பெயர், பசுவின் பல் என்று பொருள். வெள்ளையாக, நீள நீளமாக முறியும் ஜிப்சத் துண்டைப் பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

பார்க்க வேண்டும் என்றால் தூரம் போக வேண்டாம். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊர்ப்பக்கம் போனால் மழை அரித்த களிமண் மேடுகள் நிற்கும். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்தக் களிமண்ணுக்குள் நரம்பு ஓடியதுபோல் வெள்ளைக் கோடுகள் தெரியும். அவை ஜிப்சம். வெயில் சாயும் நேரத்தில் தரையெல்லாம் கண்ணாடி உடைந்து கிடப்பதுபோல் மின்னும். மாணவர்களை அழைத்துப் போனவர்களுக்குத் தெரியும், அதைப் பார்த்த பிறகு எந்தப் பிள்ளையும் ஜிப்சத்தின் வாய்பாட்டை மறப்பதில்லை. தூத்துக்குடி உப்பளங்களிலும் இது விளைகிறது. கடல்நீர் பாத்தியில் வற்றும்போது உப்பு படிவதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும், ஏனென்றால் அதன் கரைதிறன் குறைவு.

இனி அந்த நடுப்பிள்ளை, அரை ஹைட்ரேட். இயற்கையில் இது அரிது, ஈரம் பட்டால் ஜிப்சமாகிவிடும் என்பதால். கனிமமாக இதை வெசுவியஸ் எரிமலைப் பகுதியிலிருந்து 1910இல் விவரித்தார்கள். பிரான்செஸ்கோ பஸ்ஸானி என்ற இத்தாலியத் தொல்லுயிரியலாளரின் நினைவாகப் பஸ்ஸனைட் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் மனிதர்கள் அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே அதைச் செய்யத் தெரிந்திருந்தார்கள். எகிப்தியப் பிரமிடுகளின் கற்களுக்கு இடையே உள்ள சாந்து ஜிப்சச் சாந்து. சுண்ணாம்புக்கல்லை நீற்ற 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூளை வேண்டும், ஜிப்சத்துக்கு அதில் ஆறில் ஒரு பங்கு சூடு போதும். விறகு அரிதான நாட்டில் அது பெரிய விஷயம். பாரிஸ் பெயர் பிற்பாடு வந்தது. அந்த நகரத்தின் மோன்மார்த்ர் குன்றில் ஜிப்சச் சுரங்கங்கள் இருந்தன.

எத்தனை டிகிரியில் சுடுவது என்பதில் பாடநூலுக்கும் சூளைக்கும் சின்ன இடைவெளி இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 373 கெல்வின், அதாவது 100 டிகிரி செல்சியஸ் என்று இருக்கும். தேர்வில் மகள் அதையே எழுதட்டும். நடைமுறையில் அந்தச் சூட்டில் வேலை மிக மெதுவாக நடக்கும் என்பதால் 120இலிருந்து 160 டிகிரி வரை வைத்துத்தான் சுடுகிறார்கள். அதையும் தாண்டி 200 டிகிரியை நெருங்கினால் மிச்சமுள்ள நீரும் போய்விடும். அப்படிக் கிடைக்கும் நீரற்ற பொருளைக் 'கரையும் அன்ஹைட்ரைட்' என்பார்கள். அரை ஹைட்ரேட்டின் அமைப்பில் நீர் இருப்பதற்கென்று நீள நீளமான குழாய்கள் இருக்கின்றன. இதில் குழாய்கள் அப்படியே இருக்கும், நீர் மட்டும் காலி. அதனால் காற்றில் உள்ள ஈரத்தைக்கூட அது ஆவலாக இழுத்துக்கொள்ளும். ஆய்வகங்களில் ஈரம் உறிஞ்ச வைக்கும் நீல நிற மணிகளில் ஒரு வகை இதுதான். கோபால்ட் உப்பு சேர்த்திருப்பதால் ஈரம் ஏறியதும் நீலம் இளஞ்சிவப்பாகும்.

இன்னும் சூடேற்றி 350 டிகிரியைத் தாண்டினால் கதை மாறிவிடும். குழாய்கள் மூடிக்கொண்டு அணுக்கள் நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. இப்போது தண்ணீர் ஊற்றினாலும் லேசில் உள்ளே போகாது. பாடநூல் இதைத்தான் 'முற்றிலும் எரிந்த சாந்து' என்கிறது. பூமிக்கடியில் இருக்கும் அன்ஹைட்ரைட் கனிமத்துக்கும் இதே நெருக்கமான அமைப்புதான். கடினம் 3 முதல் மூன்றரை வரை, நகம் ஏறாது. ஜிப்சத்தின் அடர்த்தி 2.3, இதன் அடர்த்தி ஏறத்தாழ 3. பெரு நாட்டிலிருந்து வரும் இளநீல அன்ஹைட்ரைட்டை 'ஏஞ்சலைட்' என்று கல் கடைகளில் விற்கிறார்கள். அது வியாபாரப் பெயர், தனிக் கனிமம் அல்ல.

தண்ணீர் லேசில் போகாது என்றேன், போகவே போகாது என்று சொல்லவில்லை. ஜெர்மனியின் தென்மேற்கில் ஷ்டவுஃபன் என்று ஒரு பழைய ஊர். 2007இல் நகர மன்றக் கட்டடத்துக்குப் புவிவெப்பம் எடுக்க 140 மீட்டர் ஆழத்துக்குத் துளைகள் போட்டார்கள். அந்தத் துளைகள் வழியாக நிலத்தடி நீர் அடியில் இருந்த அன்ஹைட்ரைட் அடுக்கைத் தொட்டுவிட்டது. அன்ஹைட்ரைட் நீரை ஏற்று ஜிப்சமானால் அதன் கன அளவு 60 விழுக்காடு கூடும். ஊருக்கடியில் அவ்வளவு வீக்கம் வந்தால் என்ன ஆகும்? தரை மேலெழும்பி 250க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விழுந்தது. வாய்பாட்டின் ஓரத்தில் புள்ளி வைத்து எழுதும் அந்த 'இரண்டு நீர்' ஒரு நகரத்தையே தூக்கும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தை முடித்ததே இல்லை.

இதற்கு நேர்மாறான அழகு மெக்சிகோவில் இருக்கிறது. சிவாவா மாநிலத்தில் நைக்கா சுரங்கத்தில், சுமார் 300 மீட்டர் ஆழத்தில், 2000ஆம் ஆண்டு ஒரு குகை கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளே 11 மீட்டர் நீளம் வரை செலினைட் தூண்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அந்தக் குகையின் வெப்பம் 58 டிகிரியை ஒட்டியது. அங்கே இருந்த நீரில் அந்த வெப்பத்துக்கு மேல் அன்ஹைட்ரைட் நிலைக்கும், கீழே ஜிப்சம் நிலைக்கும். அந்த எல்லைக் கோட்டுக்கு மிகச் சற்றே கீழே நீர் லட்சக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் நின்றதால், அன்ஹைட்ரைட் துளித்துளியாகக் கரைய, ஜிப்சம் துளித்துளியாக வளர்ந்தது. ஒரு மீட்டர் பருமன் வளர ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

உங்கள் பொம்மை அச்சில் பத்து நிமிடத்தில் நடப்பதும் இதே படிக வளர்ச்சிதான், அவசர அவசரமாக. பாரிஸ் சாந்து தண்ணீரில் ஜிப்சத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கரையும். கரைந்தது நீரைச் சேர்த்துக்கொண்டு ஜிப்சமாகிறது, ஆனால் ஜிப்சம் அவ்வளவு கரைந்து நிற்க முடியாது. ஆகவே ஊசி ஊசியாகப் படிகமாகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. இந்த விளக்கத்தை 1887இல் சொன்னவர் பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாட்டலியே. இறுகும்போது சூடு வரும். எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த வெதுவெதுப்பு நினைவிருக்கும். சாந்து தடவிய துணியால் கட்டுப்போடும் முறையை 1851இல் டச்சு ராணுவ மருத்துவர் அந்தோனியஸ் மதைசன் கொண்டுவந்தார். ஒரு எச்சரிக்கை: பிள்ளைகள் கையை அச்சாக எடுக்கிறோம் என்று வாளி நிறைய சாந்துக்குள் கையை விட விடாதீர்கள். திரளாக இறுகும்போது வரும் சூடு தோலைச் சுட்டுவிடும், கையையும் உருவ முடியாது.

நூறு கிராம் சாந்து ஜிப்சமாக மாற வேண்டிய தண்ணீர் 19 கிராம்கூட இல்லை. ஆனால் அச்சில் ஊற்றும் பதத்துக்கு 50 முதல் 70 கிராம் வரை விடுகிறோம். மிஞ்சிய நீர் காய்ந்து போன இடமெல்லாம் நுண் துளை. அதனால்தான் பி.ஓ.பி. பொம்மை கனமில்லாமலும் எளிதில் உடைவதாகவும் இருக்கிறது. பல் மருத்துவர் பல் அச்சுக்கு வைத்திருக்கும் சாந்தும் இதே அரை ஹைட்ரேட்தான். அதை அழுத்த நீராவியில் சுடுவதால் துகள்கள் கெட்டியாக இருக்கும், 30 கிராம் நீரே போதும். ஆகவே கல் போல் இறுகும்.

இனி உங்கள் மூட்டை. மழைக்கால ஈரத்தில் சாந்தின் ஒரு பகுதி ஜிப்சமாகிவிட்டது, அதுதான் கட்டி. அப்படியே கலந்தால் இரண்டு கெடுதல். இறுகும் சக்தியில் ஒரு பங்கு ஏற்கெனவே போய்விட்டது. உள்ளே இருக்கும் ஜிப்சத் துகள்கள் விதையாக நின்று மீதியைச் சட்டென்று இறுக வைத்துவிடும், அச்சில் ஊற்றி முடிப்பதற்குள் கலவை முறுக்கிக்கொள்ளும். பழைய சாந்து ஒட்டிய வாளியில் புதுச் சாந்தைக் கலக்கக் கூடாது என்று வேலைக்காரர்கள் சொல்வதும் இதனால்தான். உப்பு சேர்த்தாலும் விரைவாக இறுகும். சிட்ரிக் அமிலம் சிட்டிகை சேர்த்தால் தாமதமாகும்.

மறுபடி சுடலாமா என்றால், சுடலாம். மாற்றம் இரு திசையிலும் நடப்பது. கட்டிகளை நன்றாக இடித்துச் சலித்து, தட்டையான தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மின் அடுப்பில் (ஓவன்) 150 டிகிரி அளவில் இரண்டு மணி நேரம், அவ்வப்போது கிளறிக்கொண்டே வையுங்கள். சமையல் பாத்திரம் வேண்டாம், இதற்கென்று ஒரு பழைய தட்டு. தூசி மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள். எடை போட்டுப் பார்த்தால் எவ்வளவு நீர் போனது என்று தெரியும், மகளுக்கு அதுவே ஒரு செய்முறைப் பாடம். அடுப்பில் வாணலி வைத்து வறுக்க நினைக்க வேண்டாம். அடி தீய்ந்து முற்றிலும் எரிந்த சாந்தாகும், மேல்பக்கம் ஜிப்சமாகவே இருக்கும்.

இப்படித் திரும்பச் சுட்டது புதுச் சாந்தின் உறுதியைத் தராது. சின்னப் பொம்மை, பழ வடிவம், சாக்பீஸ் ஆகியவற்றுக்குப் போதும், தசாவதார செட் மாதிரி ஆண்டாண்டாக வைத்துக்கொள்ளப் போவதற்குப் புது மூட்டை வாங்குங்கள். பழையதில் வண்ணமோ வேறு கலப்போ இல்லை என்றால் மிச்சத்தைத் தோட்டத்துக்குக் கொடுக்கலாம். நிலக்கடலைக்கு நாற்பத்தைந்தாம் நாள் வாக்கில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பது நம் பக்கம் வழக்கம். காய்கள் கால்சியத்தை மண்ணிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளும், பொக்கு (பருப்பில்லாத காய்) குறையும். நான்கு கடலைச் செடி வைத்திருந்தால் செடியடியில் ஒரு பிடி தூவி மண்ணோடு கிளறிவிட்டுத் தண்ணீர் விடுங்கள்.